வலைக்கண் ஓடும் திசை: டிரெய்லர் தளத்துக்கு எக்ஸ்பேண்டட் மெட்டல் தேர்ந்தெடுத்தல்

டிரெய்லர் தளத்துக்கோ வெல்டிங் மேசைக்கோ எக்ஸ்பேண்டட் மெட்டல் (தகட்டைக் கீறி விரித்துச் செய்யும் சாய்சதுரக் கண் வலை) வாங்க வருபவர்கள் இரும்புக் கடையில் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை கேஜ்?" என்பதாகத்தான் இருக்கிறது. கனம் கூடினால் பலம் கூடும் என்ற எண்ணம் தவறல்ல; ஆனால் தளம் தொய்ந்து போவதற்கும் இழை அறுந்து போவதற்கும் கனக்குறைவைவிட, வலைக்கண் எந்தத் திசையில் கிடக்கிறது என்பதும் அடியில் தாங்கும் ஆங்கிள்கள் (L வடிவ இரும்புச் சட்டங்கள்) எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கின்றன. இந்த இரண்டையும் கேட்காமல் கனத்தை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் செலவும் எடையும் கூடும், தொய்வு மட்டும் நிற்காது.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர், சிறிய டிராக்டரில் மாட்டும் 8 அடிக்கு 4 அடி டிரெய்லர் ஒன்றை என் பட்டறைக்குக் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் கட்டிய வண்டி. தளத்தில் 3 மி.மீ. கனமுள்ள நல்ல வலைதான் போட்டிருந்தார்கள். அப்படியிருந்தும் இரண்டடிக்கு ஒன்றாக வைத்திருந்த குறுக்கு ஆங்கிள்களுக்கு நடுவே வலை தொட்டில்போல் இறங்கியிருந்தது; ஆங்கிளை ஒட்டி வெல்டு வைத்த இடங்களில் இழைகள் வரிசையாக அறுந்து, துருப்பிடித்த முனைகள் மேல்நோக்கி நின்றன. "இதைவிடக் கனமா ஒண்ணு போட்டுறலாமா தம்பி?" என்றார். நான் வலைக்கண்ணின் நீண்ட பக்கத்தைக் கையால் தடவிக் காட்டினேன். அது வண்டியின் அகலவாக்கில், குறுக்கு ஆங்கிள்களுக்கு இணையாகவே ஓடிக்கொண்டிருந்தது. அந்த வண்டியின் நோய் அங்கேதான் இருந்தது.

இது ஏன் என்று விளங்க, இந்தப் பொருள் உருவாகும் விதத்தைப் பார்க்க வேண்டும். கம்பிகளைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துப் பற்றவைத்தால் கிடைப்பது வெல்டு மெஷ். முறுக்கிப் பின்னினால் கிடைப்பது வேலிக் கம்பி வலை. எக்ஸ்பேண்டட் மெட்டல் இரண்டும் இல்லை. முழுத் தகடு ஒன்றை எந்திரத்தின் பற்கள் வரிசை மாற்றி வரிசை கீறி, கீறும்போதே இழுத்து விரிக்கின்றன. 1880களில் இங்கிலாந்தில் ஜான் ஃபிரெஞ்ச் கோல்டிங் காப்புரிமை பெற்ற இந்த முறைதான் இன்றும் அடிப்படையில் மாறாமல் இருக்கிறது. தகட்டிலிருந்து எதையும் வெட்டி எறிவதில்லை என்பதால் சேதாரம் இல்லை. இணைப்பு என்று ஒன்று இல்லாததால் பிரிந்து வருவதற்கும் எதுவும் இல்லை. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஓர் அஞ்சலட்டையை எடுத்து, பிளேடால் இணையான கோடுகளாகக் கீறுங்கள். ஒரு வரிசையின் கீறல் முடியும் இடத்துக்கு நேராக அடுத்த வரிசையின் கீறலின் நடு வர வேண்டும். கீறலுக்குக் குறுக்காக இரு பக்கமும் மெல்ல இழுத்தால் கீறல்கள் விரிந்து சாய்சதுரக் கண்களாகும். கண்களைச் சுற்றியுள்ள அட்டை இழைகள் தட்டையாக இல்லாமல் ஒரு பக்கமாகத் திரும்பிச் சாய்ந்து நிற்கும். அதே அட்டையைக் கீறலின் திசையில் இழுத்தால் அது நெகிழ்ந்து கொடுக்காது. இரும்பிலும் இதுவேதான் நடக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கண்ணுக்கும் இரண்டு அளவுகள் உண்டு. நீண்ட மூலைவிட்டத்தை நெட்டளவு என்றும் குட்டையானதைக் குறுக்களவு என்றும் இங்கே சொல்லிக்கொள்வோம். இரண்டு இழைகள் சேரும் கெட்டியான இடத்துக்குக் கணு என்பது பொருத்தமான பெயர். கணுவின் நடுவிலிருந்து அடுத்த கணுவின் நடு வரை அளப்பதே முறை. திறந்த துவாரத்தை மட்டும் அளந்தால் இழையின் அகலம் விட்டுப்போகும். 20 மி.மீ. குறுக்களவும் 60 மி.மீ. நெட்டளவும் கொண்ட கண் நம் நாட்டில் மிகவும் புழங்கும் ஒன்று. அதில் ஓர் இழை கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குப் போகும்போது நெட்டுவாக்கில் 30 மி.மீ. நகர்கிறது, குறுக்குவாக்கில் 10 மி.மீ.தான் நகர்கிறது. இப்போது 1 மீட்டர் இடைவெளியைக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நெட்டுவாக்கில் இழை ஏறத்தாழ 1.05 மீட்டர் ஓடினால் போதும்; கிட்டத்தட்ட நேர்க்கம்பி. குறுக்குவாக்கில் அதே 1 மீட்டரைக் கடக்க இழை வளைந்து வளைந்து ஏறத்தாழ 3.16 மீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வளைவிலும் அது முறுக்கத்துக்கு உள்ளாகிறது. பாரம் ஏறும்போது வளைவுகள் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்ந்து, தளம் இறங்குகிறது. எனவே தாங்கும் ஆங்கிளிலிருந்து அடுத்த ஆங்கிளுக்குப் பாலம்போல் நிற்க வேண்டியது கண்ணின் நீண்ட பக்கம்தான். அதாவது நெட்டளவு, ஆங்கிளுக்குச் செங்குத்தாக ஓட வேண்டும்.

கேட்பதற்கு எளிய விதியாக இருக்கும் இதைப் பட்டறைகள் அடிக்கடி தவறவிடுவதற்குத் தகடு வரும் வடிவமே ஒரு காரணம். எந்திரம் தகட்டின் அகலத்துக்குக் குறுக்காகக் கீறி, நீளவாக்கில் விரிப்பதால், கடையில் கிடைக்கும் எட்டுக்கு நாலு ஷீட்டில் கண்ணின் நீண்ட பக்கம் பெரும்பாலும் 4 அடி அகலத்தின் திசையிலேயே இருக்கும். டிரெய்லரும் எட்டுக்கு நாலு. குறுக்கு ஆங்கிள்களும் 4 அடி அகலத்தில் போகின்றன. ஷீட்டை அப்படியே சட்டத்தின் மேல் இறக்கினால் அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்துகிறது. பொருந்தும் அந்த நிலைதான் வலுக்குறைந்த நிலை. இதற்கு வெட்டுச் சேதாரம் இல்லாத தீர்வு இருக்கிறது. ஷீட்டை நடுவில் ஒரே வெட்டாக வெட்டி நாலுக்கு நாலு அடி சதுரங்கள் இரண்டாக்கி, ஒவ்வொன்றையும் கால்வட்டம் திருப்பி வைத்தால் போதும். இணைப்பு விழும் நடு ஆங்கிள் இரண்டு விளிம்புகளையும் தாங்கும் அளவுக்கு அகலமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. சதுரமாகத் திருப்ப முடியாத அளவுள்ள வண்டிகளில், குறுக்கு ஆங்கிள்களுக்கு நடுவே நீளவாக்கில் ஆங்கிள்களைச் சமமட்டமாகப் பொருத்தி, வலை அகலவாக்கில் பாயும்படி செய்துகொள்ளலாம்.

அடுத்தது தாங்கும் இடைவெளி. கணக்கு இங்கே மிகவும் தெளிவாக நம் பக்கம் பேசுகிறது. நடுவில் ஓர் ஆள் நிற்பது போன்ற ஒற்றைப் பாரத்துக்கு, தொய்வு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 600 மி.மீ. இடைவெளியை 400 ஆக்கினால் தொய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிடும். 300 ஆக்கினால் எட்டில் ஒரு பங்காகும். தோப்புக்காரரின் வண்டியில் நாங்கள் செய்தது அதைத்தான். அதே கனத்தில் புதிய ஷீட்டைத் திருப்பிப் போட்டதோடு, இருந்த குறுக்கு ஆங்கிள்களுக்கு நடுவே நான்கு புதிய ஆங்கிள்களைச் சேர்த்து, இரண்டடி இடைவெளியை ஓரடியாக்கினோம். 40×40×5 மி.மீ. ஆங்கிள் மீட்டருக்கு 3 கிலோ. நான்கு அடி நீளத்தில் நான்கு துண்டுகள் ஏறத்தாழ 15 கிலோ. வலை சுமார் 24 கிலோ. இரண்டும் சேர்ந்து 39 கிலோ. அதே தளத்தில் 3 மி.மீ. தகடு போட்டிருந்தால், அடியில் தாங்கும் இரும்பைச் சேர்க்காமலே 70 கிலோ வந்திருக்கும். இரண்டு தேங்காய் வெட்டு கழித்து அவர் வந்தபோது தளத்தின் மேல் நேர்ச்சட்டம் ஒன்றை வைத்துப் பார்த்தோம். சட்டத்துக்கும் வலைக்கும் நடுவே விரல் நுழையவில்லை.

ஆங்கிளில் மிச்சம் பிடிக்க நினைத்து 25×25×3 போடுபவர்கள் இருக்கிறார்கள். டிரெய்லர் தளத்துக்கு அது போதாது. நான்கு அடி நீளத்தில் இரு முனைகளில் மட்டும் தாங்கி நிற்கும் அந்த ஆங்கிளின் நடுவில், கையில் சுமையோடு ஒருவர் குதித்து இறங்கினால் அது நிரந்தரமாக வளைந்துவிடும். வலைக்கு அடியிலுள்ள எலும்புக்கூடு வலையைவிட முக்கியம்.

அதற்காக வலையின் கனத்தை எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கலாம் என்று பொருளல்ல. இடைவெளி எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும், செருப்பின் குதிகாலோ இரும்புப் பெட்டியின் மூலையோ தனியோர் இழையின் மேல் அழுத்தும்போது அந்த இழை தானாகத்தான் தாங்கியாக வேண்டும். மத்திய பொதுப்பணித் துறையின் விலைப் பட்டியலில் ஜன்னல்களுக்குக் குறிக்கப்பட்டிருக்கும் வலை 20×60 கண்ணும், 3.25 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. கனமும் உள்ள இழையும் கொண்டது. ஜன்னலுக்கு அது சரியான பொருள். டிரெய்லரின் பக்கவாட்டுக்கும் முன்தடுப்புக்கும்கூடப் பொருந்தும். கால் வைத்து ஏறும் தளத்துக்கு அதைப் போடுவது தவறு. ஆள் நடந்து, சாமான் இறக்கி ஏற்றும் இடத்துக்கு 3 மி.மீ. கனத்துக்குக் குறையாத இழை வேண்டும் என்பது என் முடிவு. இரண்டு வலைகளும் எட்ட நின்று பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். கண்ணின் அளவு ஒன்றே என்பதால் கடையில் கைமாறிப் போவதும் எளிது.

கைமாறாமல் இருக்க ஒரு தராசு போதும். இழையின் அகலத்தையும் கனத்தையும் மி.மீ.-இல் பெருக்கி, இரண்டால் பெருக்கி, 7.85 ஆல் பெருக்கி, குறுக்களவால் வகுத்தால் ஒரு சதுர மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். மேற்சொன்ன ஜன்னல் வலைக்கு இது ஏறத்தாழ 4.1 கிலோ, அதே கண்ணில் 3.15 மி.மீ. கனம் என்றால் 8 கிலோ. எட்டுக்கு நாலு ஷீட் கிட்டத்தட்ட 3 சதுர மீட்டர் என்பதால் முதலாவது 12 கிலோவும் இரண்டாவது 24 கிலோவும் இருக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் விலை சொன்னால் இந்தச் சோதனை இல்லாமல் வாங்கக் கூடாது; கனம் குறைந்தால் இலாபம் விற்பவருக்குப் போகிறது. கண்ணின் அளவை ஒரே கண்ணில் அளக்காமல் பத்துக் கண்களைச் சேர்த்து அளந்து பத்தால் வகுப்பது நல்லது, ஓரிரு மி.மீ. பிழை ஒதுங்கிவிடும்.

கனத்தை எண்ணால் குறிக்கும் கேஜ் என்ற சொல்லையும் கொஞ்சம் ஐயத்தோடு பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் கம்பி அளவில் 14 கேஜ் என்பது 2.03 மி.மீ.; அமெரிக்கத் தகட்டு அளவில் அதே 14 என்பது 1.9 மி.மீ. இணையத்தில் அமெரிக்க டிரெய்லர் வேலைகளைப் பார்த்துவிட்டு "முக்கால் இன்ச் நம்பர் ஒன்பது" வேண்டும் என்று கேட்டு வருபவர்கள் உண்டு. புல் வெட்டும் எந்திரங்களை ஏற்றிச் செல்லும் சிறு டிரெய்லர்களுக்கு அங்கே இது வழக்கமான தேர்வு. ஆனால் அந்தப் பெயரில் உள்ள முக்கால் இன்ச் துல்லியமான அளவல்ல: கணுவுக்குக் கணு குறுக்களவு 23 மி.மீ.-க்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். ஒன்பது என்பதும் கனத்தைச் சொல்லவில்லை: இழையின் உண்மையான கனம் ஏறத்தாழ 3.4 மி.மீ., அது அவர்கள் கணக்கில் 10 கேஜ். நம்மிடம் கிடைக்கும் 20×60 கண், 3.15 மி.மீ. கனம் அதற்கு மிக அருகில் வருகிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 412 கண், இழை அகலம், கனம் மூன்றையும் மி.மீ.-இலேயே சொல்கிறது. வாங்கும்போதும் அப்படியே கேட்பது குழப்பத்தைத் தவிர்க்கும்.

அஞ்சலட்டையில் இழைகள் திரும்பிச் சாய்ந்து நின்றதைச் சொன்னேன். அப்படியே சாய்ந்த நிலையில் விற்கப்படுவது ஒரு வகை. உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்தித் தட்டையாக்கி விற்பது இன்னொரு வகை. சாய்ந்த வகையில் இழையின் விளிம்பு மேலே நிற்பதால் மழையிலும் சேற்றிலும் கால் வழுக்காது, அதே கனத்துக்கு விறைப்பும் கூடுதல். தட்டை வகையில் தள்ளுவண்டிச் சக்கரம் தடங்கலின்றி உருளும், முழங்கால் ஊன்றி வேலை செய்தால் குத்தாது, வெல்டிங் மேசையின் மேல் பொருளை நகர்த்த வசதி. டிரெய்லர் தளத்துக்குச் சாய்ந்த வகையையும், மேசைக்கும் அலமாரிக்கும் தட்டை வகையையும் நான் எடுப்பேன்.

வண்டியின் பின்னால் மடித்து இறக்கும் ஏற்றச்சட்டத்தில் மட்டும் திசைக் கணக்கு சிக்கலாகிறது. பவர் டில்லரோ இருசக்கர வண்டியோ ஏறும்போது சக்கரம் பிடித்துக்கொள்ள, இழைகள் ஏறும் பாதைக்குக் குறுக்காகக் கிடக்க வேண்டும்; அதாவது கண்ணின் நீண்ட பக்கம் அகலவாக்கில் இருக்க வேண்டும், சாய்ந்த இழையின் மேல் விளிம்பு ஏற்றத்தை நோக்கி நிற்க வேண்டும். பிடிப்புக்காக இப்படி வைத்தால், வழக்கம்போல் குறுக்கே போட்ட ஆங்கிள்களின் மேல் அது வலுக்குறைந்த திசையில் கிடக்கும். ஆகவே ஏற்றச்சட்டத்தில் ஆங்கிள்களையே திருப்பி, ஏறும் திசையில் நீளவாக்கில் ஓடவிட வேண்டும். முக்கியமாகச் சக்கரம் உருளும் தடங்களுக்கு நேர் கீழே இரண்டிரண்டு வர வேண்டும். பிடிப்பும் பலமும் அப்போது ஒன்றையொன்று விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்கும் பட்டறைக்காரர் கையில் வேலையை ஒப்படைக்கலாம்.

வலைத்தளம் ஏற்காத வேலைகளையும் சொல்லிவிட வேண்டும். மணல், ஜல்லி, எரு ஏற்றும் வண்டிக்கு இது ஆகாது. ஆடு மாடு ஏற்றும் வண்டிக்கும் போடக் கூடாது. குளம்பு கண்ணுக்குள் இறங்கினால் கால் முறியும். இருசக்கர வண்டியின் பக்கத்தாங்கி நிற்கும் இடத்தில் சிறு தகட்டுத்துண்டு ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். கயிற்றின் கொக்கியை வலையில் மாட்டக் கூடாது. அதற்குச் சட்டத்திலேயே வளையங்கள் வைக்க வேண்டும். முழுத் தகடு சட்டத்தின் சதுரத்தைக் கலையாமல் பிடித்துவைப்பதுபோல் வலை பிடிக்காது என்பதால், தகட்டைக் கழற்றிவிட்டு வலை போடுபவர்கள் அடியில் மூலைவிட்டமாக ஒரு பட்டையாவது சேர்க்க வேண்டும். பதிவுபெற்ற டிரெய்லராக இருந்தால், ஆர்.சி. புத்தகத்திலுள்ள வெற்று எடை முதலிய விவரங்கள் மாறும்படி எதையும் செய்வதற்கு முன், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கேட்கும் ஒப்புதலை வாங்கிவிட வேண்டும்.

வெட்டும்போது கிரைண்டர் சக்கரம் தனி இழையில் மாட்டி உதறும் ஆபத்து உண்டு. வெட்டுக்கோட்டின் இரு பக்கமும் பட்டை வைத்துக் கிளாம்பு போட்டு இறுக்கினால் இழை ஆடாது. முடிந்தவரை கணு வரிசையில் வெட்டினால் விளிம்பு மூடிய கண்களோடு முடியும். கண்ணின் நடுவே வெட்டினால் ஒவ்வொரு முனையும் முள்ளாக நிற்கும், அதை ஃபிளாட் பட்டையால் மூடியே ஆக வேண்டும்.

பற்றவைப்பில் கவனிக்க வேண்டியது கனங்களின் வேறுபாடு. 5 மி.மீ. ஆங்கிளும் 3 மி.மீ. இழையும் ஒரே வெப்பத்தைத் தாங்குவதில்லை. தீப்பொறியை ஆங்கிளின் மேல் தொடங்கி, உருகிய குளத்தை இழையின் மேல் தள்ளிவிட வேண்டும். 2.5 மி.மீ. வெல்டிங் ராடோ, 0.8 மி.மீ. கம்பி தானாக வந்துகொண்டிருக்கும் மிக் வெல்டிங்கோ போதும். வெல்டு கணுவில் விழட்டும், இழையின் நடுவில் வேண்டாம்; வண்டி குலுங்கும்போது நடுவில் பற்றவைத்த இழைதான் முதலில் அறும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தொடர்ச்சியாகப் போகாமல், முதலில் நடுவைப் பிடித்து, பிறகு இழுத்துக் கிளாம்பு போட்டபடி ஓரங்களை நோக்கி நகர்ந்தால் வலை உப்பாமல் இறுக்கமாக உட்காரும்.

துத்தநாகம் பூசிய வலையை அப்படியே பற்றவைக்கக் கூடாது. துத்தநாகம் 907 பாகை செல்சியஸில் கொதித்துவிடும்; இரும்பு உருகுவதோ 1,500 பாகையையொட்டி. ஆகவே வெல்டு பிடிக்கும் முன்பே வெண்புகை எழுகிறது; அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்று பட்டறைகளில் நம்புகிறார்கள். நுரையீரலுக்குள் போன புகையைப் பால் எடுக்காது. பூச்சில்லாத கறுப்பு இரும்பில் முழு வேலையையும் முடித்துவிட்டுப் பிறகு துத்தநாகக் குளியலுக்கு (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுப்பதற்கு) அனுப்புவதே சரியான வரிசை.

குளியலுக்கு அனுப்ப வசதியில்லாமல் பெயிண்ட் அடிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 20×60 வலையில் ஒரு சதுர மீட்டருக்குள் ஏறத்தாழ 100 மீட்டர் நீள இழை இருக்கிறது. ஒவ்வோர் இழைக்கும் நான்கு விளிம்புகள். ஆக 400 மீட்டர் கூர்விளிம்பு. பெயிண்ட் மெலிவதும் துரு நுழைவதும் விளிம்பில்தான். ஸ்பிரே அடித்தால் பாதி கண்களின் வழியே காற்றில் போகும். ரெட் ஆக்ஸைடை உருளையாலும் பிரஷாலும் இரு பக்கமும், இழை சாய்ந்திருக்கும் திசைக்கு எதிரிலிருந்தும் தேய்த்து அடிக்க வேண்டும். வலையும் ஆங்கிளும் ஒட்டும் இடுக்கில் வலை உட்காருவதற்கு முன்பே ஒரு பூச்சு கொடுத்து, வெல்டு விழும் புள்ளிகளை மட்டும் விட்டுவைப்பது நல்லது. தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் ஓடும் வண்டிக்கு ஆண்டுக்கு ஒருமுறை இதே வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

வண்டி ஓடத் தொடங்கிய முதல் மாத முடிவில் வெயிலில் நிறுத்தி, குறுக்கு ஆங்கிளை ஒட்டிய கணுக்களை வரிசையாகப் பார்த்துவர வேண்டும். பெயிண்டில் மயிரிழைபோல் கீறல் விழுந்து அதிலிருந்து செந்நிறக் கோடு இறங்கியிருந்தால், அங்கே இழை விரிசல் விடத் தொடங்கியிருக்கிறது. அந்த இடத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி பற்றவைக்கலாம். ஒரே ஆங்கிளின் மேல் மூன்று நான்கு கணுக்களில் அப்படித் தெரிந்தால், அந்த ஆங்கிளுக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்னோர் ஆங்கிள் வர வேண்டும்.